உண்ணியின் எச்சில்: கேள்வியும் பதிலும்

நுளம்பு குத்தினால் உடனே தெரிகிறது. காலில் ஏறிய உண்ணி இரண்டு நாளாகக் கடித்துக்கொண்டிருந்தும் எனக்குத் தெரியவில்லையே? (வேலணை)

நுளம்பு குடித்த கையோடு பறந்துவிடும். உண்ணியோ நாள்கணக்கில் ஒரே இடத்தில் இருந்து குடிக்க வேண்டும். அதனால் அரிப்பைக் கிளப்பும் ஹிஸ்டமினைப் பிடித்து வைக்கும் புரதங்களை எச்சிலோடு சேர்த்து இறக்குகிறது.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். இரத்தம் குடிக்கும்போது உண்ணியின் உமிழ்நீர்ப் புரதங்கள் மாறும் என்கிறார்களே, எப்படி? (பருத்தித்துறை)

இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். பசியோடு புல் நுனியில் காத்திருக்கும் உண்ணியின் சுரப்பி சிறியது. அதிலுள்ள நுண்ணிய பைகளில் ஒரு வகை, காற்றிலிருந்து ஈரத்தை இழுக்க உதவும். மற்றவை கடித்த பிறகுதான் விழிக்கும். முதல் ஓரிரு நாளில் வருவது கிளைசின் நிறைந்த சிமெந்துப் புரதங்கள். வாயுறுப்பைச் சுற்றி இறுகிப் பிடிக்கும். அப்புறம் நம் நோயெதிர்ப்பை மட்டுப்படுத்தும் புரதங்கள் கூடும், சுரப்பியும் பல மடங்கு பருக்கும். கடைசி நாளில் இணைசேர்ந்த பெண் உண்ணி மளமளவென்று குடித்து ஏறக்குறைய நூறு மடங்கு எடைக்கு வந்துவிடும். குடித்ததிலுள்ள நீரில் பெரும்பகுதியை எச்சிலாகத் திருப்பித் துப்பும். கிருமிகளும் எச்சிலோடுதான் இறங்கும்.

எனக்கு வியப்பாக இருப்பது வேறொன்று. ஒரே குடும்பத்துப் புரதங்களில் இன்று ஒன்று, நாளை மறுநாள் இன்னொன்று என்று மரபணுக்கள் மாறிமாறி இயங்கும். உடம்பு ஒன்றை அடையாளம் கண்டு, அதை எதிர்க்கும் புரதமான பிறபொருளெதிரியைச் செய்து முடிக்குமுன் ஆள் சட்டை மாற்றியாயிற்று! வயிறு நிரம்பி விழுந்த பின் தோலுரிப்பைத் தூண்டும் எக்டைசோன் வகை ஓமோன் கூடி, சில நாளில் சுரப்பியே சிதைந்துபோகும்.

அப்படியானால் மாட்டுக்கு உண்ணித் தடுப்பூசி சாத்தியமே இல்லையா? (கோப்பாய்)

உண்டு. 1990களில் அவுஸ்திரேலியாவிலும் கியூபாவிலும் வந்தது. ஆனால் எச்சிலை விட்டுவிட்டு, உண்ணியின் குடலிலுள்ள பிஎம்86 புரதத்தைக் குறிவைத்தார்கள். ஊசி போட்ட மாட்டின் இரத்தம் குடித்த உண்ணிக்குக் குடல் கெடும், முட்டை குறையும். உடனே செத்து விழாது. மருந்து தெளிப்பதைக் கைவிட முடியாது.

சிட்னியில் மகளின் நாய்க்கு உண்ணி கடித்துப் பின்னங்கால் விழுந்துவிட்டது. இங்கும் வருமா? (நல்லூர்)

அது கிழக்கு அவுஸ்திரேலியாவின் முடக்கு உண்ணி. கடித்து மூன்றாம் நாளளவில் எச்சிலில் நஞ்சு கூடும். நம் நாய்களில் வழக்கமாகக் காணும் கபில நிற உண்ணி வேறு இனம்.

மண்ணெண்ணெய் பூசினால் உண்ணி தானாக விழும் என்கிறார் அம்மம்மா. (சாவகச்சேரி)

அம்மம்மா கோபிக்கக் கூடாது, பூச வேண்டாம். தோலும் எரியும், நேரமும் போகும். நாய்க்கு வரும் பபேசியாக் கிருமி, உண்ணி கடித்த பின்தான் அதன் சுரப்பியில் முதிரும். அதற்கு இரண்டு நாளளவு வேண்டும். ஏர்லிகியா என்ற இன்னொரு கிருமி சில மணி நேரத்திலேயே இறங்கிவிடும். பின்னேரம் தோறும் நாயின் காது மடலையும் விரலிடுக்கையும் பாருங்கள். கண்டால் சாவணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். நகத்தால் நசுக்காமல் ஸ்பிரிட்டில் போடுங்கள்.