வன்னி வெக்கையில் கைக்குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கலாமா?
சித்திரை வெயிலில் பிள்ளை வியர்த்துச் சிணுங்கினால், கொதித்தாறிய நீர் ஒரு கரண்டி கொடுக்கத்தான் மனம் வரும். ஆறு மாதம் முடியும்வரை வேண்டாம். ‘தாய்ப்பால் மட்டும்’ என்றால் தண்ணீரும் இல்லை, சீனித்தண்ணீரும் இல்லை. மருத்துவர் எழுதிய மருந்து வேறு.

தாய்ப்பாலில் ஏறக்குறைய 88 வீதம் தண்ணீர்தான். பிள்ளையின் வயிறு சின்னச் செம்பு மாதிரி. தண்ணீரை நிரப்பினால் பாலுக்கு இடம் ஏது? இளம் சிறுநீரகத்தால் மிச்ச நீரை வேகமாக வெளியேற்ற முடியாது. அளவு மிஞ்சினால் இரத்தத்தில் உப்பு நீர்த்து வலிப்புகூட வரலாம்.

வெக்கை நாளில் அடிக்கடி பால் கொடுங்கள், நீங்களும் நன்றாகத் தண்ணீர் குடியுங்கள். முதல் வாரத்துக்குப் பிறகு நாளுக்கு ஆறு தரமாவது வெளிறிய சிறுநீர் போனால் பால் போதும். குறைந்தாலோ பிள்ளை சோர்ந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

அப்புறம், விக்கல் தாகத்தின் அறிகுறி அல்ல. அது தானே அடங்கும்.