வில்லா வெனிஸ் எல்பிக்கு 60 டாலர் கொடுக்கலாமா?

கேள்வி: சிகாகோவுக்குப் பக்கத்தில் நேப்பர்வில்லில் இருக்கிறேன். பழைய இசைத்தட்டுச் சந்தை ஒன்றில் அமெரிக்கப் பாடகர்கள் ஃபிராங்க் சினாட்ரா, டீன் மார்ட்டின், சாமி டேவிஸ் ஜூனியர் மூவரும் சேர்ந்து பாடிய நேரடிக் கச்சேரி எல்பி ஒன்றைப் பார்த்தேன். அட்டையில் லாஸ் வேகாஸ் படம். பின்பக்கம் பொடி எழுத்தில் ‘சிகாகோ, 1962’ என்று இருக்கிறது. கம்பெனி முகவரி கிடையாது. “எங்கேயும் கிடைக்காத டேப்” என்று சொல்லி 60 டாலர் கேட்கிறார் விற்பவர். பேசினால் 40க்கு இறங்குவார் போலத் தெரிகிறது. மாமனாருக்குப் பரிசாகக் கொடுக்க நினைக்கிறேன். வாங்கலாமா?

பதில்: 40க்கும் வேண்டாம். பூட்லெக், அதாவது அனுமதியில்லாமல் பதிவு செய்தோ நகல் எடுத்தோ விற்கும் தட்டு, என்பதால் மட்டும் சொல்லவில்லை. ‘எங்கேயும் கிடைக்காத’ என்பதே உண்மையில்லை.

சிகாகோ, 1962 என்றால் அது அநேகமாக வில்லா வெனிஸ் கச்சேரிதான். அட்டைப் படத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வேகாஸ் என்று போட்டால் விற்கும், அவ்வளவுதான். வில்லா வெனிஸ் உங்கள் ஊருக்கு வடக்கே, நார்த்புரூக் பக்கம், மில்வாக்கி அவென்யூவில் டெஸ் பிளெயின்ஸ் ஆற்றை ஒட்டி இருந்த நைட்கிளப். இப்போது தேடிப் போகாதீர்கள், 1967இலேயே எரிந்துபோனது. பின்னால் இருந்து அதை நடத்தியவர் சிகாகோ மாஃபியாத் தலைவர் சாம் ஜியான்கானா. வாசலில் தண்ணீரில் கொண்டோலாப் படகுகள், உள்ளே பாட்டு, கொஞ்ச தூரத்தில் ஒரு தகரக் கொட்டகையில் சூதாட்டம். பாட்டுக் கேட்க வந்த பணக்காரர்களை வண்டியில் ஏற்றிக் கொட்டகைக்குக் கொண்டுபோய்க் கறந்ததுதான் அங்கே நடந்த நிஜ வியாபாரம். 1962 நவம்பர் கடைசியில் மூவரும் அங்கே பாடினார்கள். கச்சேரி டேப்பில் பிடிக்கப்பட்டது. ஆனால் அப்போது ஆல்பமாக வரவில்லை. அந்த இடைவெளியில்தான் பூட்லெக்காரர்கள் பிழைத்தார்கள்.

1999இல் ஆர்ட்டானிஸ் என்ற நிறுவனத்தின் பெயரில் ‘தி சம்மிட்: இன் கான்சர்ட்’ என்று முறைப்படி சிடியாகவே வந்துவிட்டது. பழைய சிடி விற்கும் கடைகளில் அதைத் தேடிப் பாருங்கள். 60 டாலரை நெருங்கவே தேவை இருக்காது.

சரி, கேட்க எப்படி இருக்கும்? அதுதான் முக்கியம். பூட்லெக் டேப் கைமாறும்போதெல்லாம் ஒரு நகல் எடுக்கப்படுகிறது. ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் போட்டால் எழுத்து என்ன ஆகுமோ அதுதான் ஒலிக்கும் ஆகிறது. ட்ரம்பெட்டுகள் கரகரக்கும், சிம்பலின் மேல்சுருதி மொட்டையாகிவிடும், டேப்பின் ‘ஸ்ஸ்’ இரைச்சல் கூடும். இந்தக் கச்சேரிக்கு அது பெரிய இழப்பு. காரணம், இதில் பாதி பாட்டே இல்லை. டீன் மார்ட்டின் பாட்டின் வரியை மாற்றிக் குடிகாரன் பாட்டாக்குவார், மைக்கை விட்டுத் தள்ளி நின்று ஏதோ முணுமுணுப்பார், கூட்டம் சிரிக்கும். அந்த முணுமுணுப்பு காதில் விழாவிட்டால் கூட்டம் எதற்குச் சிரிக்கிறது என்றே புரியாது. போதாக்குறைக்கு, நகல் எடுத்த மெஷினின் வேகம் சற்றுத் தவறியிருந்தால் சினாட்ராவின் குரல் அரைச்சுருதி ஏறி, ஆள் பத்து வயது குறைந்தாற்போலக் கேட்கும். கடையில் பிளேயர் இருந்தால் ஒரு பாட்டை ஓடவிடச் சொல்லுங்கள். போனில் அதே பாட்டின் ஸ்டுடியோப் பதிவைத் தட்டி இரண்டையும் ஒத்துப்பாருங்கள். பாடகர்கள் மேடையில் சுருதி மாற்றுவதும் உண்டு. ஆனால் இரண்டு மூன்று பாட்டில் ஒரே அளவு ஏறியிருந்தால் கோளாறு டேப்பில்தான்.

பரிசு என்கிறீர்கள். முறையான பதிப்பை வாங்கினாலும் முதலில் நீங்கள் ஒருமுறை கேட்டுவிடுங்கள். கறுப்பினத்தவரான சாமி டேவிஸின் நிறத்தை வைத்து மற்ற இருவரும் அடிக்கும் ஜோக்குகளுக்கு அன்று அரங்கே அதிர்ந்தது. இன்று குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்டால் நெளிய வேண்டியிருக்கும். மாமனாருக்குப் பாட்டுதான் வேண்டும் என்றால் என் ஓட்டு ‘சினாட்ரா அட் தி சாண்ட்ஸ்’ ஆல்பத்துக்கு. 1966இல் வேகாஸின் சாண்ட்ஸ் ஹோட்டலில் கவுன்ட் பேஸி ஆர்கெஸ்ட்ராவோடு பாடியது, நடத்தியவர் குவின்சி ஜோன்ஸ். மூவரும் சேர்ந்த கூத்துதான் வேண்டும், அதுவும் நிஜமாகவே வேகாஸில் நடந்ததாக வேண்டும் என்றால், 1963இல் சாண்ட்ஸில் பிடித்த கச்சேரியை கேப்பிடல் நிறுவனம் 2001இல் வெளியிட்டிருக்கிறது.

‘அரிய டேப்’ என்று விலை ஏற்றுகிறவர்களிடம் இன்னொரு கதையையும் சொல்லலாம். 1959இல் மெல்போர்னில் ரெட் நார்வோ குழுவோடு சினாட்ரா பாடிய கச்சேரி பல வருடம் பூட்லெக்காகவே சுற்றியது. ரசிகர்கள் உயிரைக் கொடுத்துத் தேடினார்கள். 1997இல் ப்ளூ நோட் நிறுவனம் அதை முறைப்படி வெளியிட்டது. அதன் பிறகு பழைய பூட்லெக்கை யார் கேட்பார்கள்?

கேள்வி: இதே போன்ற தட்டு ஏற்கெனவே என்னிடம் இருக்கிறது. வைத்திருப்பது குற்றமா?

பதில்: அமெரிக்காவில் இருப்பவர் என்றால், வீட்டில் கேட்க ஒன்று வைத்திருப்பவரைத் தேடி யாரும் வரப்போவதில்லை. 1994இல் வந்த பூட்லெக் தடுப்புச் சட்டம் அனுமதியில்லாமல் பதிவு செய்பவர், நகல் அடிப்பவர், விற்பவர் ஆகியோரைத்தான் குறிவைக்கிறது. அதனால் சிக்கல் விற்கும்போதுதான். பழைய இசைத்தட்டுகளை வாங்கி விற்கும் டிஸ்காக்ஸ் தளத்தில் ‘அனுமதியற்ற வெளியீடு’ என்று குறித்த தட்டை விற்பனைக்குப் போடவே முடியாது. சேகரிப்பாளரிடம் பின்னால் நல்ல விலைக்குத் தள்ளிவிடலாம் என்ற கணக்கில் மட்டும் வாங்காதீர்கள்.

கேள்வி: லண்டனில் இருக்கிறேன். ஆன்லைனில் இந்தப் பாடகர்களின் நேரடிக் கச்சேரி சிடிகள் 5 பவுண்டுக்குக் கிடைக்கின்றன. பெயரே கேள்விப்படாத கம்பெனிகள். எல்லாம் திருட்டு சிடியா?

பதில்: எல்லாம் இல்லை. ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் ஒலிப்பதிவு உரிமை முன்பு 50 வருடம். 2013 நவம்பரில் 70 ஆக்கினார்கள். ஆனால் அதற்குள் காலாவதியானது காலாவதியானதுதான். ஆகவே 1962 முடியும் வரை வெளியான இசைத்தட்டுகளை, ஒலிப்பதிவு உரிமையைப் பொறுத்தவரை, அங்கே யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். 1963 தொடங்கி வெளியானதை முகம் தெரியாத கம்பெனி விற்றால் சந்தேகப்படுங்கள். மேலே சொன்ன ‘சினாட்ரா அட் தி சாண்ட்ஸ்’ 1966 ஆல்பத்துக்கும் இதே எச்சரிக்கைதான்.

வந்து சேர்ந்ததும் உறையைக் கிழிக்காதீர்கள். கடையிலிருந்து ஆன்லைனில் வாங்கியதை 14 நாளுக்குள் மனம் மாறினாலே ரத்து செய்யலாம், ஆனால் சீல் வைத்த சிடியைப் பிரித்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். வெளியிலிருந்தே கம்பெனி முகவரி, பதிவான இடம், வருடம், ஆர்கெஸ்ட்ராவின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பிரித்த பிறகு சிடியின் அடிப்பக்கம் வெள்ளியாக இல்லாமல் நீலமாகவோ பச்சையாகவோ மினுங்கினால், அது சிடிஆர், அதாவது கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகப் பதிவு செய்த சிடி. ‘அச்சடித்த சிடி’ என்று விளம்பரம் செய்து இதை அனுப்பியிருந்தால், பிரித்திருந்தாலும் பரவாயில்லை. சொன்ன பொருள் வரவில்லை என்று 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். விற்றவர் வியாபாரியாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. விளம்பரப் பக்கத்தை ஆர்டர் போடும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், புகார் போனதும் விவரத்தைத் திருத்திவிடுகிறவர்கள் உண்டு.