ஒன்பதாவது வளைவு

மதிப்பிற்குரிய ஐயா,

நான் பொள்ளாச்சி – வால்பாறை தடத்தில் அரசுப் பேருந்து நடத்துநர். 11 வருடங்கள் என்னோடு ஒரே வண்டியில் ஓட்டுநராக இருந்த அண்ணன் சென்ற மாதம் இறந்துவிட்டார். வயது 51. விடியற்காலை டூட்டிக்குச் சட்டையைத் தேய்த்து மாட்டிவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

நடத்துநருக்கு ஓட்டுநரின் முதுகுதான் தெரியும். அவர் முகத்தை நான் அதிகம் பார்த்தது அவர் தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில். அந்த முகத்தில் கோபத்தைப் பார்த்ததில்லை. எஸ்டேட் பெண்கள் யாராவது சுமையோடு ஓடிவருவது தெரிந்தால், நான் இரண்டு விசில் கொடுத்த பிறகும் வண்டியை எடுக்கமாட்டார். ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் வரையாடுகள் நிற்கும். அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கமாட்டார். "தம்பி, எத்தனை?" என்று கேட்பார். நான் எண்ணிச் சொல்வேன். வீட்டில் சின்ன மகள் தினமும் கேட்பாளாம்.

துக்க வீட்டில் பங்காளிகள், மாமன் மச்சான்கள் என்று எல்லோருக்கும் ஓர் இடம் இருந்தது. நான் பந்தலுக்கு வெளியே நின்றேன். பதினாறாம் நாள் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். இப்போது வேறு ஓட்டுநர் வருகிறார், நல்ல மனிதர். ஆனாலும் அந்த வளைவு வந்தால் தொண்டை அடைக்கிறது. அண்ணன் முந்தின நாள் தோள் வலிக்கிறது என்றார். "ஸ்டியரிங் வலிதான் அண்ணா, தைலம் தேயுங்கள்" என்று சொன்னவன் நான். சொந்தக்காரன் அல்லாதவனுக்கு இவ்வளவு துக்கம் எதற்கு என்று என் மனைவி கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்தத் தோள்வலி. அதை இறக்கிவைக்காமல் மற்றதைப் பேச முடியாது.

இதயத்தின் வலி நெஞ்சில் மட்டும் வருவதில்லை. தோளிலும் கையிலும் தாடையிலும் முதுகிலும் வரும். இசிஜியும் ரத்தப் பரிசோதனையும் பார்க்காமல் மருத்துவரேகூட உறுதியாகச் சொல்ல முடியாது. 40 வளைவு ஏறி 40 வளைவு இறங்குகிற மனிதருக்குத் தோள் வலிக்காத நாள் ஏது? அத்தனை நாள் வலியில் அந்த ஒரு நாள் வலி வேறு என்று நீங்கள் எப்படிக் கண்டிருக்க முடியும்? அவரும் உங்களைப் போலத்தான் நினைத்தார். இல்லாவிட்டால் மறுநாளைக்குச் சட்டையைத் தேய்த்து மாட்டியிருப்பாரா? நீங்கள் சொன்னது தொழில் தெரிந்த தம்பி அண்ணனுக்குச் சொன்ன சொல். அதில் குற்றம் இல்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள். தோள்வலியோடு நெஞ்சு இறுக்கமோ, காரணமில்லாத வியர்வையோ, மூச்சுத் திணறலோ வந்தால் தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காமல் 108ஐ அழைக்க வேண்டும் என்று உங்கள் பணிமனையில் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

அடுத்தது உங்கள் மனைவி கேட்டது. அவரைத் தவறாக நினைக்காதீர்கள். நம் சடங்குகள் இரத்த உறவுக்கும் கொண்டு கொடுத்த உறவுக்கும் இடம் வகுத்தவை. கொள்ளி வைக்க ஒருவர், கோடி போட ஒருவர், நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளைகள். உடன் வேலை செய்தவனுக்கு ஒரு மாலை போட்டுவிட்டு ஒதுங்கி நிற்கிற இடம்தான். ஆனால் இறந்தவனுக்காகத் தமிழில் எழுந்த மிகப் பழைய பாட்டுகளை யார் பாடினார்கள் என்று பாருங்கள். கையறுநிலை என்று அந்தத் துறைக்குப் பெயர். செய்வதறியாமல் கை ஓய்ந்து நிற்கும் நிலை. புறநானூற்றில் அப்படி வரும் பாட்டுகளில் பெரும்பாலானவை உறவினர் பாடியவை அல்ல, கூட இருந்து பழகிய புலவர்கள் பாடியவை. தகடூரை ஆண்ட அதியமான் மார்பில் வேல் பாய்ந்து இறந்தபோது அழுத ஔவையார் அவனுக்கு என்ன உறவு? அவர் அவனுடைய போர்வெற்றிகளை அங்கே அடுக்கவில்லை. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடத் தானும் குடித்து மகிழ்வான் என்கிறார். நரந்தம் மணக்கும் தன் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவிக்கொடுப்பான் என்கிறார். பக்கத்தில் இருந்தவருக்கு மட்டுமே தெரிந்த செய்திகள் இவை. நீங்கள் எழுதிய அந்த விசிலும் கண்ணாடியும் அந்த வகையைச் சேர்ந்தவை. உங்கள் துக்கத்துக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்கிறேன். எனக்குப் பதினேழு வயதில் அப்பா இறந்தார். அவரும் இப்படித்தான், காலையில் இருந்தார், மாலையில் இல்லை. பஞ்சாலையில் பிட்டராக இருந்தவர். வீட்டில் அதிகம் பேசமாட்டார். மூன்று மாதம் கழித்து அவரோடு வேலை செய்த ஒருவர் வந்தார். திண்ணையில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த காப்பியை ஆறவிட்டுவிட்டு, "இரவு ஷிஃப்டில் உங்கள் அப்பா பாடுவார், தெரியுமா?" என்று என்னிடம் கேட்டார். எங்களுக்குத் தெரியாது. நாங்கள் ஒருநாளும் அவர் பாடிக் கேட்டதில்லை. நூற்பு யந்திரங்களின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காதாம். உதடு அசைவதை வைத்துத்தான் தெரியுமாம். ஒரு நாள் மின்சாரம் நின்றுவிட்டது. யந்திரங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. இருட்டில் அப்பாவின் குரல் மட்டும் இன்னும் ஒரு வரி நடந்து, பிறகு சட்டென்று நின்றதாம். அந்தப் பகுதியில் இருந்த அத்தனை பேரும் மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்களாம்.

அம்மா உள்ளே போய் அழுதார். அப்பா இறந்த அன்றுகூட அவர் அப்படி வாய்விட்டு அழவில்லை. வந்தவர் பயந்துபோய்த் தவறாகச் சொல்லிவிட்டேனா என்று கேட்டார். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, "எந்தப் பாட்டு அண்ணா?" என்றார்.

அந்தத் திண்ணைக்கு ஒருவர் வராமல் இருந்திருந்தால் என் அப்பா எனக்குப் பாதி மனிதராகவே இருந்திருப்பார். ஒரு நாளின் நல்ல பகுதியை வேலையிடத்தில் கழிக்கிறவரைக் குடும்பம் களைத்துப்போய் வந்த மனிதராகத்தான் பார்க்கிறது. உங்கள் அண்ணன் யாருக்காகக் காத்திருந்தார், எந்த வளைவில் எதிரே ஏறிவரும் வண்டிக்காக ஒதுங்கிக் கையசைத்தார் என்பதெல்லாம் உங்களிடம் மட்டுமே இருக்கிறது. அது அந்தப் பிள்ளைகளின் சொத்து. கொண்டுபோய்க் கொடுக்க வேண்டாமா?

பதினாறாம் நாள் கூட்டத்தில் பேச முடியாது. இப்போது உறவினர்கள் ஊருக்குத் திரும்பியிருப்பார்கள், வீடு அமைதியாக இருக்கும். உங்கள் மனைவியையும் அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போங்கள். கருணை அடிப்படையிலான வேலை, குடும்ப ஓய்வூதியம் என்று அண்ணிக்கு அலையவேண்டிய காரியங்கள் இருக்கும். எந்த மேசையில் எந்தத் தாள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும், உடன் போய் நில்லுங்கள்.

பிறகு அந்தச் சின்னப் பெண்ணிடம், அப்பாவுக்கு ஆடுகளை எண்ணிச் சொன்னது நீங்கள்தான் என்று சொல்லுங்கள். ஒவ்வொரு நாளும் அப்பா வீட்டில் எத்தனை என்று சொன்னார் என்று அவளைச் சொல்லவிடுங்கள். நீங்கள் ஏழு என்ற நாளில் அவர் பத்து என்று சொல்லியிருக்கலாம். திருத்தாதீர்கள்.

அன்புடன்.