ஊரடங்கில் தொடங்கிய குடி

கேள்வி: ஆம்பூர் ஷூ கம்பெனியில் இருந்த என் தம்பிக்கு 2020 ஊரடங்கில் வேலை போயிற்று. அப்போது தொடங்கிய குடி இன்னும் நிற்கவில்லை. இப்போது 'நான் இருந்து யாருக்கு என்ன லாபம்' என்கிறான். கொரோனாவுக்குப் பின் எங்கள் தெருவில் இருவர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். நோய்க்காலம் இப்படிப்பட்ட சாவுகளைக் கொண்டுவருமா? அவனை உடனே குடியை நிறுத்தச் சொல்லலாமா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் மருத்துவ உதவியின்றி ஒரே நாளில் நிறுத்தினால், கை நடுக்கத்தில் தொடங்கி வலிப்பு, புத்தி பேதலிப்பு வரை போகலாம். சிலருக்கு உயிரே போகும். ஆகவே நிறுத்தச் சொல்லுங்கள், ஆனால் மருத்துவர் மேற்பார்வையில்.

நோய்க்காலம் எல்லாச் சாவுகளையும் ஒரே வழியில் கூட்டுவதில்லை. அமெரிக்காவில் 2019இல் 47,511 ஆக இருந்த தற்கொலைகள் 2020இல் 45,979 ஆகக் குறைந்தன; அதே ஓராண்டில் போதைப்பொருளை அளவுக்கு மீறி எடுத்து இறந்தவர்கள் 70,630இலிருந்து 91,799 ஆனார்கள், மதுவால் நேர்ந்த சாவுகளும் ஏறத்தாழ கால் பங்கு கூடின. ஊரே ஒரே ஆபத்தில் இருக்கும் முதல் மாதங்களில் மனிதர்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்வதுண்டு. ஆனால் தனியறையில் போதையை நாடுபவர் மயங்கி விழுந்தால் பார்க்க ஆளில்லை, சிகிச்சைக்கும் வழி அடைபட்டிருந்தது. நம் நாட்டில் தற்கொலைகளும் கூடின: தமிழ்நாட்டில் 2019இல் 13,493, 2020இல் 16,883, 2021இல் 18,925. 2021இல் இந்தியாவில் இப்படி இறந்தவர்களில் நால்வருக்கு ஒருவர் தினக்கூலி. வேலையிழப்பும் கடனும் மெல்ல அரிப்பவை. அடைப்பு நீங்கிய பிறகும் அவை வீட்டைவிட்டுப் போவதில்லை.

எனினும் எல்லாவற்றையும் கொரோனாவின் தலையில் கட்டுவதை நான் ஏற்கமாட்டேன். வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தில் 1994 முதல் 1999 வரை சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவர்கள் வீடுவீடாகக் கேட்டுப் பதிந்தபோதே, ஆண்டுக்கு லட்சம் பேரில் சுமார் 95 பேர் தற்கொலையால் இறந்தது தெரியவந்தது. காவல்துறைக் கணக்கு காட்டிய தேசிய அளவைப்போல் அது பல மடங்கு. துயரம் முன்பே நம்மிடம் இருந்தது. நோய்க்காலம் அதன்மேல் பாரம் ஏற்றியது.

தம்பியின் அந்தப் பேச்சைக் குடிபோதைப் பேச்சென்று விட்டுவிடாதீர்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமென்றால் அவரைத் தனியே விடாதீர்கள், பூச்சிமருந்து இருந்தால் வீட்டைவிட்டு அகற்றுங்கள், விடியும்வரை காத்திராமல் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையமும் இருக்கிறது. இரவானாலும் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம், 104 என்ற மருத்துவ உதவி எண்ணும் உண்டு. அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது மருத்துவரிடம் போய், தினமும் எவ்வளவு குடிக்கிறார், எப்போது கடைசியாகச் சாப்பிட்டார், என்ன சொன்னார் என்பதையெல்லாம் சொல்லி, அடுத்து என்ன செய்வதென்று கேட்டு வாருங்கள்.