ட்ராய்க்கு எழுதினால் போன பணம் திரும்பி வருமா?

கேள்வி: என் ப்ரீபெய்டு எண்ணில், நான் கேட்காத ஜோதிடச் சேவைக்கு மூன்று மாதமாகப் பணம் பிடிக்கிறார்கள். ட்ராய்க்குப் புகார் அனுப்பினேன். அதை நிறுவனத்துக்கே அனுப்பிவிட்டார்கள். 3,000 ரூபாய் கொடுத்தால் ட்ராயில் உத்தரவு வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். சிம் துபாயில் இருக்கும் என் மகன் பெயரில் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: அந்த 3,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள் அம்மா. ட்ராய் என்பது தொலைபேசி நிறுவனங்களுக்குக் கட்டண விதியும் தர விதியும் போடும் ஆணையம். தனிநபர் புகாரை விசாரித்து உத்தரவு போட 1997-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு அதிகாரம் தரவில்லை. இல்லாத உத்தரவை யார் வாங்கித் தர முடியும்? மொட்டை மாடியில் டவர் வைக்க ட்ராய் அனுமதிக் கடிதம் என்று காட்டி முன்பணம் கேட்பவர்களும் இதே ரகம்தான். அப்படி எந்த அனுமதியும் ட்ராய் கொடுப்பதில்லை. அக்கம்பக்கத்திலும் சொல்லி வையுங்கள்.

முதலில் 155223 எண்ணுக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்டாப்’ என்று எஸ்எம்எஸ் அனுப்பிச் சேவையை நிறுத்துங்கள். அப்புறம் 198-ஐ அழைத்து நிறுவனத்திடம் புகார் கொடுங்கள். புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். இப்படிப்பட்ட சேவைக்கு உங்கள் ஒப்புதலை இரண்டு முறை பெற வேண்டும் என்பது 2013 முதல் விதி. அந்தப் பதிவைக் காட்டச் சொல்லுங்கள். பதில் சரியில்லை என்றால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். கட்டணம் கிடையாது, 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் அந்த மேல்முறையீட்டைக் கேட்பதும் அதே நிறுவனம்தான்! வங்கிக்கு 1995-லேயே ஓம்பட்ஸ்மன், அதாவது வாடிக்கையாளர் புகாரை விசாரித்துத் தீர்க்கும் தனி அதிகாரி, வந்துவிட்டார். தொலைபேசிக்கும் வேண்டும் என்று ட்ராயே 2004-லும் 2017-லும் பரிந்துரைத்தது. கோடிக்கணக்கான பேர் கையில் போன் இருக்கிறது. அந்தப் பரிந்துரை மட்டும் நகரவில்லை.

சிம் மகன் பெயரில் இருப்பதை நிறுவனம் ஒரு சாக்காகப் பிடித்துக்கொள்ளும். ‘இந்த எண்ணை என் சம்மதத்துடன் அம்மா பயன்படுத்துகிறார், புகாரையும் அவரே நடத்துவார்’ என்று மகனிடமிருந்து மின்னஞ்சல் வாங்கி வையுங்கள். பணம் கட்டியவரின் சம்மதத்தோடு சேவையைப் பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான் என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அதனால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும் இந்தக் கடிதம் உங்களுக்குத் துணை. மகன் ஊருக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

தொலைபேசி வழக்கு நுகர்வோர் ஆணையத்தில் நிற்காது என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். 2009-இல் வந்த ஒரு தீர்ப்பை வைத்து அப்படிச் சொல்வார்கள். தாராளமாகப் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை, உங்கள் தொகைக்கு மனுக் கட்டணமும் இல்லை.

சேவையை நிறுத்திய கையோடு உங்கள் எண்ணின் விவரமான கணக்கை எழுத்து மூலம் கேளுங்கள். ப்ரீபெய்டுக்கும் 50 ரூபாய்க்கு மிகாத கட்டணத்தில் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் கடந்த ஆறு மாதக் கணக்குதான் கிடைக்கும், இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.