ஃபோர்ஹேண்ட் பழக எந்த டிஸ்க் வாங்கலாம்?

கேள்வி: டிஸ்க் கோல்ஃபில் (டிஸ்க் என்ற தட்டை வீசிக் கூடையில் விழவைக்கும் விளையாட்டு) பேக்ஹேண்ட் வீச்சு, அதாவது கையை உடலுக்குக் குறுக்கே கொண்டுபோய் இழுத்து வீசுவது, எனக்கு ஓரளவு கைவந்துவிட்டது. வலது கையால் வீசுகிறேன். வலப்பக்கம் வளையும் பாதைகளில் திணறுவதால் ஃபோர்ஹேண்ட் (உள்ளங்கை முன்னால் வரப் பக்கவாட்டில் வீசுவது) பழக ஆசை. கடையில் கேட்டபோது, ஃபோர்ஹேண்டுக்கு ஏற்றது என்று ஸ்பீட் 12, ஃபேட் 4, 175 கிராம், விலை கூடிய பிளாஸ்டிக்கில் ஒரு டிரைவரை (தொலைதூர வீச்சுக்கான டிஸ்க்கை) காட்டினார்கள். அவர்களுடைய மைதானத்தில் வீசிப் பார்த்தேன், நன்றாகத்தான் போனது. வாங்கிவிடலாமா?

பதில்: இப்போது வேண்டாம். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஃபோர்ஹேண்டில் தேர்ந்தவர்கள் பலர் அந்த மாதிரி டிஸ்க்கைத்தான் பையில் வைத்திருக்கிறார்கள். ஆனால் பழகும் காலத்தில் அது உங்கள் கையில் உள்ள தவறைக் காட்டிக்கொடுக்காது. அதனால்தான் முதல் நாளே நன்றாகப் போனது.

டிஸ்க்கின் மேல் பொதுவாக நான்கு எண்கள் இருக்கும்: ஸ்பீட் (வேகம்), கிளைட் (மிதப்பு), டர்ன், ஃபேட். உங்களுக்கு முக்கியம் கடைசி இரண்டும்தான். வேகமாகப் பறக்கும்போது டிஸ்க் எந்த அளவு புரள்கிறது என்பது டர்ன். வேகம் தணிந்தபின் எந்த அளவு மடங்கி இறங்குகிறது என்பது ஃபேட். வலது கை ஃபோர்ஹேண்டில் டர்ன் இடப்பக்கம் இழுக்கும், ஃபேட் வலப்பக்கம் கொண்டுபோகும். பேக்ஹேண்டில் பழகிய கண்ணுக்கு எல்லாம் தலைகீழாகத் தெரியும்.

ஃபோர்ஹேண்ட் தொடங்குகிற பெரும்பாலோர் செய்யும் தவறு ஒன்றே: டிஸ்க்கை விடும் நொடியில் மணிக்கட்டு உருண்டு உள்ளங்கை கீழே கவிழ்ந்துவிடும். அப்போது டிஸ்க் தள்ளாடிக்கொண்டு கிளம்பும். ஸ்பீட் 12, ஃபேட் 4 உள்ள டிஸ்க் அந்தத் தள்ளாட்டத்தைத் தாங்கிச் சமாளித்து, கடைசியில் வலப்பக்கம் மடங்கி ஒழுங்காக இறங்கும். அதே வீச்சில் ஒரு மிட்ரேஞ்ச் (நடுத்தூர) டிஸ்க் இடப்பக்கம் புரண்டு தரையில் குத்தும். பார்க்க மனம் வெறுத்துப்போகும், ஆனால் உங்களுக்கு உண்மையைச் சொல்வது அந்த மிட்ரேஞ்ச்தான். முழு வேகத்தில் வீசும் வலு வந்தபின் கவிழும் மணிக்கட்டைத் திருத்துவது மிகவும் கடினம். அதனால் இந்த விஷயத்தில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன்.

என்ன வாங்கலாம்? ஸ்பீட் 5 அளவில் ஒரு மிட்ரேஞ்ச், ஸ்பீட் 7 அளவில் ஒரு ஃபேர்வே டிரைவர் (டிரைவர்களில் வேகம் குறைந்த வகை). எடுத்துக்காட்டாக டிஸ்கிராஃப்ட் நிறுவனத்தின் பஸ் (Buzzz: 5, 4, -1, 1), இன்னோவா நிறுவனத்தின் டீபேர்ட் (7, 5, 0, 2). இதே பெயர்தான் வேண்டும் என்பதில்லை, இந்த எண்களுக்கு அருகில் எந்த நிறுவனத்தின் டிஸ்க் இருந்தாலும் சரி. ஒன்றை நினைவில் வையுங்கள்: இந்த எண்களை அந்தந்த நிறுவனமே போட்டுக்கொள்கிறது. தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கமான பி.டி.ஜி.ஏ. டிஸ்க்கின் அளவையும் எடையையும் சோதித்து அனுமதி தருகிறது, பறக்கும் எண்களுக்கு அது பொறுப்பல்ல. ஒரு நிறுவனத்தின் ஃபேட் 2 இன்னொன்றின் ஃபேட் 2 போலவே இறங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

வாங்குமுன் கட்டாயம் பிடித்துப் பாருங்கள். சுட்டுவிரலும் நடுவிரலும் சேர்ந்து ரிம்மின் (விளிம்பு வளையத்தின்) உட்சுவரில் அழுந்த, கட்டைவிரல் மேலே இறுக்கிப் பிடிக்கும். ஸ்பீட் 12 டிரைவரின் ரிம் 2 செ.மீ.க்கும் மேல் அகலம், ஃபேர்வே டிரைவரின் ரிம் அதைவிடக் குறுகல். சின்னக் கைக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் பிடியில் உடனே தெரியும். மேற்புறம் குவிந்த டிஸ்க்கைவிடத் தட்டையானது கட்டைவிரலுக்கு வசதி. பிடித்தவுடன் விரலை நகர்த்தி நகர்த்திச் சரிசெய்யவேண்டி வந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். இணையத்தில் வாங்குகிறீர்கள் என்றால், வீசாத டிஸ்க்கைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று முதலில் கேளுங்கள்.

பிளாஸ்டிக் விஷயத்தில் விலை குறைந்த ரகமே போதும். கைக்குப் பிடிமானம் நன்றாகக் கிடைக்கும். மரத்தில் பட்டுப் பட்டுச் சீக்கிரம் தேயும் என்பது உண்மைதான். விலை கூடிய ஒன்றுக்குப் பதில் அதே மாடலில், அதே எடையில் மூன்று வாங்குங்கள். ஒரே டிஸ்க்கை ஒவ்வொரு முறையும் ஓடிப்போய் எடுத்துவந்தால், முந்தைய வீச்சில் கை என்ன செய்தது என்பதே மறந்துபோகும்.

பழகும்போது முதலில் 15 மீட்டர் போதும். முழங்கை இடுப்பை ஒட்டி, உள்ளங்கை வானம் பார்த்து, தண்ணீர்மேல் ஓட்டுச்சில்லு தத்திப் போக எறிகிற மாதிரி மணிக்கட்டால் மட்டும் விடுங்கள். விட்டபிறகும் உள்ளங்கை மேலேயே பார்க்கட்டும். டிஸ்க்கின் விளிம்பைக் கவனியுங்கள்: ஒற்றைக் கோடாகத் தெரிந்தால் சுழற்சி சுத்தம். இரட்டைக் கோடாகத் துடித்தால் மணிக்கட்டு கவிழ்கிறது. ஸ்பீட் 5 துடிக்காமல் போகும்வரை தூரத்தைக் கூட்டாதீர்கள். அந்தக் கட்டம் தாண்டியபின் கடையில் பார்த்த ஸ்பீட் 12ஐத் தாராளமாக வாங்கலாம். எதிர்க்காற்றில் அது அருமையான டிஸ்க்.

கேள்வி: ஃபோர்ஹேண்ட் பழகப் பழைய டிஸ்க் வாங்குவது சரியா?

பதில்: சரி, சிக்கனமும்கூட. ஆனால் அடிபட்ட டிஸ்க்கின் டர்ன் கூடி ஃபேட் குறைந்திருக்கும், மேலே அச்சிட்ட எண்களை நம்ப முடியாது. மேசைமேல் வைத்து விளிம்பு முழுவதும் படிகிறதா பாருங்கள். எங்காவது தூக்கினால் வளைந்திருக்கிறது. ரிம்மின் உட்புறத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவுங்கள், ஃபோர்ஹேண்டில் சின்னப் பிசிறும் விரலைக் கிழிக்கும். விரிசல் விட்ட டிஸ்க்கைப் போட்டியில் வீச விதி இடம் தராது. அடிப்பக்கத்தில் யாருடைய பெயரோ தொலைபேசி எண்ணோ எழுதியிருந்தால், எப்படிக் கிடைத்தது என்று விற்பவரைக் கேளுங்கள். தொலைத்தவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கலாம்.

கேள்வி: பதின்மூன்று வயது மகளும் என்னோடு பழக விரும்புகிறாள். அவளுக்கும் 175 கிராம்தான் வாங்க வேண்டுமா?

பதில்: தேவையே இல்லை. 175 என்பது கிட்டத்தட்ட உச்ச எடை. விட்டத்தில் ஒரு செ.மீ.க்கு 8.3 கிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது பி.டி.ஜி.ஏ. விதி. டிரைவர்களின் விட்டம் பெரும்பாலும் 21 செ.மீ.யை ஒட்டியே இருப்பதால் எடையும் அங்கே வந்து நிற்கிறது. மகளுக்கு 150 கிராம் அளவில் வாங்குங்கள். குறைந்த வலுவிலேயே வேகம் பிடிக்கும். காற்று அடித்தால் கொஞ்சம் அலைக்கழியும், அவ்வளவுதான்.

கேள்வி: ஃபோர்ஹேண்டுக்கென்று இணையத்தில் கட்டணப் பயிற்சி விற்கிறார்கள். சேரலாமா? வீசினால் முழங்கையின் உட்பக்கம் வலிக்கவும் செய்கிறது.

பதில்: வலி முதலில். வீசுவதை நிறுத்திவிட்டு இயன்முறை மருத்துவரைப் பாருங்கள். முழங்கைப் பட்டை வாங்கி மாட்டிக்கொண்டு தொடர்ந்து வீசாதீர்கள். முழங்கை உடலைவிட்டு விலகிப்போய்க் கையை மட்டும் சாட்டையாக வீசினால், பாரமெல்லாம் அந்த இடத்தில்தான் விழும். வலி தீர்ந்து திரும்பும்போது குறைந்த தூரத்திலிருந்தே தொடங்குங்கள்.

பயிற்சியைப் பொறுத்தவரை ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: நீங்கள் வீசும் காணொளியைப் பயிற்சியாளர் பார்த்து, உங்கள் மணிக்கட்டைப் பற்றி உங்களுக்கே பதில் எழுதுவாரா? எழுதுவார், எத்தனை முறை என்பதையும் கட்டணம் வாங்குமுன் சொல்வார் என்றால் சேரலாம். பதிவுசெய்த பாடங்கள் மட்டும் என்றால், அதே விளக்கங்கள் இலவசமாகவே நிறையக் கிடைக்கின்றன. ஆண்டுச் சந்தாவுக்கு அவசரப்படாமல் ஒரு மாதம் மட்டும் கட்டுங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியைச் சேரும் அன்றே அணைத்துவிடுங்கள்.