பழைய பெட்ரோல் காருக்கு டர்போ: மொத்தத்தில் எவ்வளவு ஆகும்?

கேள்வி: என்னுடையது 1.2 லிட்டர் பெட்ரோல் கார். ஏழு வருடம் ஓடிவிட்டது. டர்போ இல்லாத எஞ்சின், நான்கு பேர் ஏறினால் மேட்டில் திணறுகிறது. டர்போ கிட் வாங்கி இரண்டே நாளில் மாட்டித் தருகிறேன், கிட் விலையும் கூலியும் மட்டும்தான் செலவு என்கிறார் ஒருவர். உண்மையில் எவ்வளவு ஆகும்? செய்யலாமா?

பதில்: அவர் சொன்ன கிட் விலையை ஒரு தாளில் எழுதி, நான்கால் பெருக்குங்கள். வேலையை ஒழுங்காக முடிக்க என் அனுபவத்தில் ஏறக்குறைய அவ்வளவு ஆகும். எஞ்சினைப் பிரித்து பிஸ்டன், கனெக்டிங் ராடு மாற்ற வேண்டி வந்தால் ஆறு ஏழு மடங்குக்கும் போகும். ‘கிட் விலையும் கூலியும்’ என்று ஒருவர் சொன்னால், ஒன்று அவருக்கு இந்த வேலை தெரியாது, அல்லது தெரிந்தே உங்களிடம் மறைக்கிறார்.

பணம் எங்கே போகிறது என்று சொல்கிறேன். சைலன்சர் வழியாக வெளியேறும் சூடான புகை டர்போவின் ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோலும் அதே அளவுக்குக் கூட வேண்டும். ஆகவே பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் பெரிதாக வேண்டும், ஃபியூவல் பம்பும் வலுவாக வேண்டும். அழுத்தினால் காற்று சூடாகும். பூஸ்ட், அதாவது டர்போ கூட்டும் அழுத்தம், அரை பார் (காற்றுமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய பாதி) கொடுத்தாலே 30 டிகிரியில் உள்ளே போகும் காற்று 80 டிகிரியைத் தாண்டிவிடும். அதைக் குளிர்விக்க இன்டர்கூலர், அதற்கான பைப்புகள். டர்போவுக்கு ஆயில் போகவும் திரும்பவும் தனி லைன். எஞ்சின் புகையை டர்போவுக்குக் கொண்டுபோகும் புது மேனிஃபோல்டு. அப்புறம் கிளட்ச், அது பழைய இழுவைக்காகச் செய்தது, தாங்காது. கடைசியில் இசியூ ட்யூனிங், அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரில் பெட்ரோல் அளவையும் பற்றவைக்கும் நேரத்தையும் டர்போவுக்கேற்பத் திருத்துவது.

உங்கள் எஞ்சினுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. டர்போ இல்லாத எஞ்சின்களில் கம்ப்ரெஷன் விகிதம், அதாவது சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்பது, பொதுவாக 10, 11 என்று அதிகமாகவே இருக்கும். அதில் மேலும் காற்றைத் திணித்தால் பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கும். நாக்கிங் என்கிறோமே, அதுதான். 1962இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்ற கார் டர்போவோடு வந்தது, 10.25 விகிதத்தோடு. நாக்கிங்கை அடக்க தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்துக்குத் தனி டேங்க் வைத்தார்கள். வாங்கியவர்கள் அதை நிரப்ப மறந்தார்கள். கடைசியில் பல கார்களில் டர்போவையே கழற்றிவிட்டு சாதாரண கார்புரேட்டரை மாட்ட வேண்டி வந்தது. காரைத் தயாரித்த நிறுவனத்துக்கே அந்தப் பாடு!

இப்போது முக்கியமான எச்சரிக்கை. ஏமாற்று நடப்பது பெரும்பாலும் ட்யூனிங்கில்தான். டர்போ, பைப் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், ட்யூனிங் தெரியாது. வேறு ஏதோ காருக்கு எழுதிய ஃபைலை லேப்டாப்பிலிருந்து பத்து நிமிடத்தில் ஏற்றிவிட்டு முழுக்கட்டணம் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். என் மேஜையில் ஒரு பிஸ்டன் இருக்கிறது. அதன் விளிம்பில் விரல் நுனி அளவுக்கு அலுமினியம் உருகி, வளையம் வெளியே தெரிகிறது. அந்தக் காரின் சொந்தக்காரர் முதல் இரண்டு வாரம் பிக்கப் அபாரம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவது வாரம் நெடுஞ்சாலையில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தபோது நீலப் புகை. பூஸ்டில் எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்குப் பன்னிரண்டு பங்கு காற்று என்ற அளவில் இருக்க வேண்டிய கலவை, அந்த ஃபைலில் பதினான்கைத் தாண்டியிருந்தது. பெட்ரோல் போதாமல் சூடேறி பிஸ்டன் உருகிவிட்டது. எனவே டைனோவில் (காரை நிற்கவைத்தே ஓட்டி சக்தியை அளக்கும் இயந்திரம்) ஏற்றி, புகையை வைத்துக் கலவையை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் வைத்து ட்யூன் செய்த பதிவுத்தாளைக் கேளுங்கள். தர மறுத்தால் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

பழைய டர்போவைப் புதுசு போல் துடைத்து விற்பதும் சகஜம். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் பொருள் அது. சக்கரத்தின் நடுத்தண்டை இரு விரலால் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள், கையில் அசைவே தெரியக்கூடாது. பக்கவாட்டில் லேசாக ஆடலாம், ஆனால் இறக்கை கூட்டில் உரசக்கூடாது. இன்டேக் பைப்புக்குள் வைக்கும் ‘எலெக்ட்ரிக் டர்போ’ என்று சின்ன ஃபேன் விற்கிறார்களே, அதைத் தொடவே வேண்டாம். அரை பார் பூஸ்டுக்குச் சில ஆயிரம் வாட் சக்தி வேண்டும். அந்த ஃபேனில் அது வராது.

காகித வேலையும் செலவுதான். எஞ்சினை மாற்றியமைக்கப் போவதை இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் பதிவு அலுவலகத்துக்கும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவியுங்கள். இங்கேதான் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. நேர்மையாகக் கேட்கப் போகிறவரை ஜன்னல் ஜன்னலாக அலைய விடுகிறார்கள். படிவத்தில் இதற்கென்று ஒரு கட்டம்கூட இருக்காது. சொல்லாமல் மாட்டிக்கொண்டு ஓட்டுபவரை யாரும் கேட்பதில்லை, விபத்து நடந்த பிறகுதான் கேட்பார்கள். அன்றைக்கு க்ளெய்ம் நின்றுபோகும். வாய்மொழிச் சம்மதத்தை நம்பாதீர்கள்.

கிட் மாட்டுவதற்குப் பதிலாக ஒரே ஒரு வழி மட்டும் சொல்லத் தோன்றுகிறது. உங்கள் கார் மாடலிலேயே நிறுவனம் டர்போ எஞ்சினும் போட்டு விற்றிருந்தால், மோதி நொறுங்கிய அப்படியொரு காரிலிருந்து முழு எஞ்சினையும் எடுத்துப் போடுவது, டர்போவை மட்டும் ஒட்டவைப்பதைவிட நம்பகமானது. முழு எஞ்சின் என்றால் முழுதும்தான். கியர்பாக்ஸ், கிளட்ச், ரேடியேட்டர், இன்டர்கூலர், ஃபியூவல் பம்ப், ஒயரிங், இசியூ எல்லாம் அதே காரிலிருந்து வர வேண்டும். இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆக விடாத மின்பூட்டு) உள்ள கார் என்றால் சாவியும் கேளுங்கள். சாவி இல்லாமல் எஞ்சினை இறக்கிவிட்டு ஸ்டார்ட் ஆகாமல் மாதக்கணக்கில் நின்ற காரைப் பார்த்திருக்கிறேன். எஞ்சின் எண் மாறுவதால் பதிவுச் சான்றிலும் மாற்ற வேண்டும். விற்றவரிடம் ரசீது வாங்காவிட்டால் அது திருட்டு எஞ்சினா என்ற கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ரசீதிலுள்ள எண்ணோடு எஞ்சின் எண் ஒத்துப்போகிறதா என்று எஞ்சினை இறக்குவதற்கு முன்னாலேயே பாருங்கள்.

உங்கள் காருக்கு டர்போ வேண்டாம் என்பதே என் முடிவு. அந்தப் பணத்தோடு இந்தக் காரை விற்ற பணத்தையும் சேர்த்து, கம்பெனியிலேயே டர்போவோடு வந்த பழைய கார் ஒன்றை வாங்கலாம். அதற்கும் முன்னால், மேட்டில் திணறுவது ஏன் என்று பாருங்கள். ஏழு வருடக் காரில் கிளட்ச் வழுக்கலாம், பிளக் தேய்ந்திருக்கலாம், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அடைத்திருக்கலாம். நல்ல மெக்கானிக்கிடம் ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று அளக்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் திணறலுக்குக் காரணம் எஞ்சினுக்குள்ளேயே இருக்கலாம். எண்களை எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.